ஒற்றக்கா போட்ட கேள்விக்குறி

ஒரு மனிதரை அவர் எழுதிய ஒற்றை எழுத்தை வைத்து ஊர் கூப்பிடுவது எப்பேர்ப்பட்ட பெருமை என்று கறையாரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுவார். மேடையில் சொல்லுவார், பேட்டியில் சொல்லுவார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சு இருந்தபோதும் சொல்லப் பார்த்தார்.

விஷயம் இதுதான். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் ஒரு நாவல் எழுதினார். ஆற்றில் படகு ஓட்டுகிற ஒருவன் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கு இறங்க ஓர் இடம் தேடுகிறான். படிக்கிறவரும் அவனோடு சேர்ந்து கரைக்காக ஏங்கிப்போய்க் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தால், அங்கே இப்படி இருக்கும்: “கடைசிவரை அவன் தேடியது ஒரு கறையை.”

சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற. அவ்வளவுதான். விமரிசகர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். மனிதன் தேடுவது ஒதுங்க ஓர் இடத்தை அல்ல, தன்மேல் ஒட்டிய அழுக்கைத்தான் என்றார் ஒருவர். நானூறு பக்கத்தையும் ஓர் எழுத்தால் கவிழ்த்துவிட்டார் என்றார் இன்னொருவர். படகுக் கதை என்பதால் அந்த வினைச்சொல் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த எழுத்தை ஆராய்ந்து மூன்று பேர் முனைவர் ஆனார்கள். எழுதியவருக்குக் கறையார் என்று பெயர் நிலைத்தது. வீட்டு எண் தெரியாமல் விசாரித்து வந்த ஒரு வாசகரை, எதிர்வீட்டுக்காரர் சலவைக்கடைக்கு அனுப்பிவைத்த சம்பவமும் உண்டு. அதைக் கறையார் மேடையில் சொல்லுவதில்லை.

அந்த எழுத்து பிறந்த கதையைச் சொல்லுவார். முதல் பேட்டியில், அதற்காக நாலு நாள் பேனாவைத் தொடாமல் காத்திருந்ததாகச் சொன்னார். வயது ஏற ஏற நாளும் ஏறியது. இப்போது எழுபத்தோரு வயதில், பதினொரு நாளில் வந்து நிற்கிறது. அதில் கடைசி மூன்று நாள் சாப்பாடும் கிடையாது. சொல்லி முடித்ததும் இளம் எழுத்தாளர்கள் தலையில் ஒரு குட்டு வைப்பார்: “ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் தெரியாதவன் பேனாவைத் தொடக் கூடாது.” கூட்டம் கை தட்டும்.

உண்மையில் நடந்தது வேறு. புத்தகம் கைக்கு வந்த அன்று கடைசிப் பக்கத்தைத் திறந்தவருக்கு ரத்தம் தலைக்கேறியது. தான் எழுதியது கரை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அச்சகத்தில் எவனோ கை வைத்திருக்கிறான். சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், தபால்காரர் ஒரு வாரப் பத்திரிகையை நீட்டினார். மதிப்புரைக்காரருக்கு ஒரு வாரம் முன்பே பிரதி போயிருந்தது. ‘ஓர் எழுத்தின் பிரளயம்’ என்று தலைப்பு. கறையார் நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து அந்த எழுத்து அவருடையது.

முப்பத்திரண்டு வருடங்கள் அது அவருடையதாகவே இருந்தது. தனக்குத்தானே சொன்ன பொய்யை மனிதன் எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறான்! வாடகை வீட்டைக்கூட அப்படி வைத்துக்கொள்ள மாட்டான்.

கெட்ட காலம் ஒரு பழுப்பு உறையில் வந்தது. நாவலைச் செம்பதிப்பாகக் கொண்டுவருவதென்று பதிப்பாளர் முடிவு செய்து, திருத்தப் பக்கங்களை அனுப்பியிருந்தார். கெட்டி அட்டை, பட்டு நாடா, முன்னால் கறையாரின் முழுப் பக்கப் படம். அவர் தன் எழுத்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவின் வெளிப்புறம் அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று இருபது வருடமாகத் தொங்குகிறது: ‘எழுதும் நேரம். தொந்தறவு செய்ய வேண்டாம்.’ அந்த அட்டையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனைவி இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அட்டையே சொல்லவிடாமல் தடுத்தது.

எல்லோரையும் போல அவரும் தன் புத்தகத்தைக் கடைசியிலிருந்துதான் பார்ப்பார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கடைசி வரி. அதன் ஓரத்தில் பென்சிலால், கடுகு அளவில், ஒரு கேள்விக்குறி.

வேறு எதுவும் இல்லை. கோடு இல்லை, வட்டம் இல்லை, விளக்கம் இல்லை. வரியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஒரு கேள்விக்குறி.

யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பதிப்பகத்தில் முப்பத்துநாலு வருடமாகப் பிழை திருத்துகிற ஒரே ஆள் ஒற்றக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. விட்டுப்போன க், ச், த், ப் எங்கே பதுங்கியிருந்தாலும் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பார் என்பதால் அலுவலகமே வைத்த பெயர். கறையாருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது: ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் இருக்கிறது.

பதிப்பாளருக்குப் போன் போட்டார். குரலில் அலட்சியத்தை அளந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்ப்பா, இந்தத் தடவை எதை வெச்சுத் திருத்தறீங்க?”

“மூலப் பிரதியை வெச்சுத்தாங்கய்யா. உங்க கையெழுத்துப் பிரதி.”

“அது எப்பவோ தொலைஞ்சு போச்சே?”

“அப்படித்தான் நாங்களும் நெனைச்சோம். அக்காகிட்ட பத்திரமா இருக்கு! அந்தக் காலத்துல பழைய பேப்பர்ல போடச் சொன்னாங்களாம், மனசு வராம எடுத்து வெச்சிருக்காங்க. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாக்கறாங்க. செம்பதிப்புன்னா சும்மாவா?”

“சும்மா இல்ல” என்றார் கறையார். போனை வைத்தார்.

அப்படியென்றால் அந்தப் பொம்பளை கையில், தன் எழுத்தில், கரை என்று எழுதிய தாள் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து பதினொரு நாள் கதையைக் கேட்டுக் கை தட்டியபோதும் இருந்திருக்கிறது. தட்டினாளா? யோசித்துப் பார்த்தார். ஒரு தடவை அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தேடினாளா, சிரிப்பை மறைத்தாளா?

மறுநாள் பதிப்பகத்துக்குப் போனார். அட்டைப்படம் பார்க்க வந்ததாகப் பேர். ஒற்றக்காவின் மேசை, கழிப்பறைக்குப் போகிற வழியில், இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, சதுரக் கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். கறையாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்த கையோடு மேசை இழுப்பறையை முழங்காலால் தள்ளிச் சாத்தினார்.

அதைக் கறையார் பார்த்தார்.

“வாங்கய்யா. கடைசிப் பக்கம் பாத்தீங்களா?”

“இன்னும் அங்க வரல” என்றார். எழுதியவரே தன் நாவலின் கடைசிப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு வருடத்தில் வந்து சேரவில்லை என்பது எப்படி ஒலித்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

“பரவால்ல. மெதுவா வாங்க. ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான். உங்ககிட்ட கேக்காம நான் எதுவும் செய்யறதில்ல.”

உங்ககிட்ட கேக்காம! அந்தச் சொல்லைக் கறையார் வீடுவரை மென்றுகொண்டே போனார். ஒரே வாக்கியத்தில் பணிவும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நாற்பது வருடம் எழுதியவருக்கு ஒரு வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? இல்லாததும் தெரியும், அதுதான் கோளாறு.

அடுத்த வாரம் முழுக்க அவர் எதுவும் எழுதவில்லை. ஒற்றக்காவைத்தான் படித்தார். மாலை ஐந்தரைக்குப் பதிப்பகம் விடும். எதிரே பேருந்து நிறுத்தத்தில், ஒரு குளிர்பான விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொள்வார். முதல் நாள் அவள் கண்ணாடிக்கடைக்குப் போனாள். எதற்குப் பார்வையைக் கூர்மையாக்குகிறாள்? இரண்டாம் நாள் பிரதி எடுக்கிற கடை வாசலில் நின்று ஓர் உறையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். கடைசித் தாளுக்கு நகல் எடுத்துவிட்டாள்! மூன்றாம் நாள் யாரோ ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி இந்த ஊரில் சிரிக்க முடியும்?

நாலாம் நாள் பலகைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவள் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

“ஐயா, பஸ்ஸுக்கா? அது முன்பக்கம்ல நிக்கும். நாலு நாளா பாக்கறேன், உங்க பஸ் வந்து வந்து போவுது, நீங்க ஏறவே மாட்டேங்கறீங்க.”

“காத்தாட நிக்கறேன்.”

“பலகைக்குப் பின்னாடியா?”

அவர் வந்த முதல் பேருந்தில் ஏறினார். அது பணிமனைக்குப் போகிற பேருந்து. எழுபத்தோரு வயதில், காலியான பேருந்தில், நடத்துநர் இல்லாமல், பெரும் மௌனத்தோடு பணிமனைவரை போய்த் திரும்பி நடந்து வந்தார்.

“எங்க போயிட்டு வர்றீங்க, செருப்பெல்லாம் கிரீஸு?” என்று மனைவி கேட்டாள்.

“நீ கேக்கறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?”

“இருக்கு. தரை துடைச்சிருக்கேன்.”

சாப்பிடும்போது அவளையும் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தக் காலத்தில் பிரதியைப் பதிப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது இவள்தானே?

“ஏம்மா, அந்த நாவலை அச்சுக்குக் கொடுக்கறப்ப நீ அதுல எதாவது கை வெச்சியா?”

“துணிப்பையில வெச்சேன். ஏன்?”

“எழுத்துல.”

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். எதையும் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். “உங்க எழுத்துல நான் கை வெச்சிருந்தா, முதல்ல அந்தக் கதவு அட்டையிலதாங்க வெச்சிருப்பேன்.”

அவருக்கு அது புரியவில்லை. சதியில் இவளுக்கும் பங்கு உண்டு என்பது மட்டும் புரிந்தது.

இத்தோடு நின்றிருந்தால் அவர் வெறும் பைத்தியக்காரராகக் கௌரவமாக இருந்திருப்பார். ஆனால் சந்தேகம் ஓர் எழுத்தோடு நிற்கிற ஜாதி இல்லை. ஒரு காலை காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் திடீரென்று தோன்றியது: அன்றைக்கு அச்சில் ர-வை ற ஆக்கியது இவளாகத்தான் இருக்கும். அந்த ஒன்றில் கை வைத்தவள், மற்றதில் வைக்காமலா விட்டிருப்பாள்?

பழுப்பு உறையைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இருபத்தாறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: ‘குடையை மறந்து வந்தவளுக்கு மழைமேல்தான் கோபம் வந்தது.’ அவர் சிரித்துவிட்டார். சிரித்த மறுகணமே முகம் இறுகியது. இது இவ்வளவு நன்றாக இருக்கிறதே. நான் எழுதியதா? எழுதிய ஞாபகம் இல்லை. இதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வாக்கியங்களைப் பார்த்தார். ‘பிரபஞ்சத்தின் பெருமூச்சென விரிந்த அந்த இரவின் விளிம்பில் அவன் தன் இருப்பின் வினாவை எதிர்கொண்டான்.’ இது நிச்சயமாகத் தன்னுடையது. அட்சரம் அட்சரமாக ஞாபகம் இருந்தது. அப்படியானால் நடுவில் குடையோடு வந்து நிற்கிறவள் யார்? யார் அனுப்பிய ஆள்?

சிவப்புப் பேனாவை எடுத்தார். குடைக்காரியை அடித்தார்.

பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. ஒரு வரி மனத்தைத் தொட்டால் சந்தேகம். தொடாமல் போனால் நிம்மதி, அது தன்னுடையது. எட்டு நாளில் அறுபத்துமூன்று வாக்கியங்கள் சிவப்பில் செத்தன. நாவலில் யாராவது புன்னகை செய்திருந்தால், யாருக்காவது பசித்திருந்தால், படகில் ஓட்டை என்று எளிமையாக எழுதியிருந்தால், அதெல்லாம் போயிற்று. பிரபஞ்சமும் பெருமூச்சும் மிஞ்சின. ஒவ்வொன்றை அடிக்கும்போதும் உள்ளே ஏதோ ஒன்று கிழிந்தது. அது வலி என்று தெரியாமல், நேர்மை என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி வரியை மட்டும் அடிக்கவில்லை. அதை அடித்தால் தன்னையே அடித்தது போல. பதினொரு நாளும் மூன்று நாள் பட்டினியும் அதில்தான் இருந்தன. பக்கங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, முடிவு கட்டிவிடுவதென்று பதிப்பகத்துக்கு நடந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். ஒற்றக்கா மட்டும் மேசையில் இருந்தார்.

“உங்களுக்கு என்னதான் வேணும்?” என்றார் கறையார், உட்காராமலே.

“எனக்காங்கய்யா?” ஒற்றக்கா விழித்தார். “இந்த ஃபேனை யாராவது சரி பண்ணினா போதும்.”

“நடிக்காதீங்க. கடைசிப் பக்கம். கேள்விக்குறி.”

“ஓ, அதுவா! வந்துட்டீங்களா அங்க?” அவர் முகம் மலர்ந்தது. கறையாரின் பையிலிருந்து கடைசிப் பக்கத்தை எடுத்து விரித்தார். “இங்க பாருங்க. புத்தகம் பூராவும் ‘கடைசி வரை’ன்னு பிரிச்சுப் போட்டிருக்கீங்க, பதினேழு எடத்துல. இங்க மட்டும் ‘கடைசிவரை’ன்னு சேந்து நிக்குது. பிரிக்கலாமா, வேண்டாமா? அதான்.”

அலமாரிக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“இடைவெளியா?” என்றார் கறையார்.

“ஆமாங்க. இடைவெளி.”

அங்கேயே ‘பிரிச்சுடுங்க’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எந்தக் கடவுளும் அவ்வளவு மலிவாக ஒருவனை விடுவித்ததில்லை. ஆனால் நாலு நாள் பலகைக்குப் பின்னால் நின்றவருக்கு, ஓர் இடைவெளிக்காக நின்றோம் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

“அப்ப கறை?”

“கறைக்கு என்னங்க?”

“மூலத்துல என்ன இருக்கு? எடுங்க. அந்த இழுப்பறையில்தானே பூட்டி வெச்சிருக்கீங்க?”

ஒற்றக்கா இழுப்பறையைத் திறந்தார். அதில் ஒரு சாப்பாட்டு டப்பாவும் ஒரு பழைய சீப்பும் இருந்தன. மூலப் பிரதி, அலமாரியின்மேல், எல்லோரும் பார்க்கும்படி நூல் கட்டிக் கிடந்தது. கடைசித் தாளை உருவி மேசையில் வைத்தார். நீல மசி, சாய்ந்த எழுத்து. அவருடைய கைதான். அவருடைய கைதான் அதை எழுதியிருந்தது: கறை.

கறையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பெரிய ற. இரண்டு கால் ஊன்றி, வாலை நீட்டிக்கொண்டு.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி அவருக்குள் பெரிய வெளிச்சம் வந்தது. என்னுடையது! முழுக்க என்னுடையது! பதினொரு நாள்கூட உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. அப்போது அவர் கண் மேல்வரிக்குப் போனது. அங்கே ‘மறத்தடியில்’ படகைக் கட்டியிருந்தது. அதற்கு மேலே ‘இறவு’ வந்திருந்தது. ‘காற்று ஓறமாக’ வீசியது.

“இது...”

“உங்களுக்கு ர-ற தகறாறு எப்பவும் உண்டுங்கய்யா” என்றார் ஒற்றக்கா, காய்கறி நறுக்குகிற மாதிரி. ‘தகராறு’ என்பதை அவர் எந்த ர-வில் சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “இந்த ஒரு புத்தகத்துல மட்டும் நூத்திநாப்பத்தோரு எடம். கரையே முப்பது எடத்துல கறையா இருந்துச்சு. நாங்க திருத்திடுவோம். அதுக்குத்தானே இருக்கோம்.”

“அப்ப இது? இதை ஏன் திருத்தல?”

அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொஞ்சம் யோசித்தார்.

“இது நல்லா இருந்துச்சுங்க. விட்டுட்டேன்.”

“விட்டுட்டீங்க.”

“ஆமாங்க. மத்ததெல்லாம் பிழை. இது மட்டும் பிழைன்னு தோணல. எதுக்குக் கை வெக்கணும்னு விட்டுட்டேன்.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“எதைங்க? செஞ்சதைச் சொல்லலாம். செய்யாததை எப்படிங்க சொல்றது?”

கறையார் நாற்காலியில் உட்கார்ந்தார். திருடிக்கொண்டு போனவளைப் பிடிக்க வந்தவர் அவர். அவளோ ஒன்றும் எடுக்காமல், எடுக்காமல் இருந்ததையே தானமாகக் கொடுத்திருந்தாள். எழுதியது தன் அறியாமை. இலக்கியமாக்கியது அவள் சும்மா இருந்தது. நடுவில் தன்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? ஓர் இடைவெளி.

“திருத்துங்க” என்றார்.

“என்னத்தைங்க?”

“கரைன்னு போடுங்க. சின்ன ர. நான் எழுத நெனைச்சது அதுதான்.”

“ஐயா, வேண்டாங்க...”

“நான் ஆசிரியர். போடுங்க.”

ஒற்றக்கா சிவப்பில் அடித்த பக்கங்களைப் புரட்டினார். இருபத்தாறாம் பக்கத்தில் விரல் நின்றது. மூலத்தில் அதே வரி வரும் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “இந்தக் குடை வரி மூலத்துல அப்படியே இருக்குங்க. உங்க கையிலதான். இந்த அடிச்சதெல்லாம் உங்களோடதுதான். இதுல நான் ஒரு புள்ளிகூடச் சேக்கல. எடுத்துடவா சிவப்பை?”

ஆம் என்று ஒரு சொல். வாய்வரை வந்தது. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் ஏன் அடித்தோம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். நன்றாக இருந்ததால் நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைத்தேன் என்பதை ஒரு மனிதன், அதுவும் பட்டு நாடா வைத்த செம்பதிப்பு வரப்போகிற மனிதன், எப்படிச் சொல்லுவான்?

“அடிச்சது அடிச்சதுதான்” என்றார்.

புத்தகம் வந்தது. அறுபத்துமூன்று வாக்கியங்கள் காணாமல் போனதை ஒரு விமரிசகரும் கவனிக்கவில்லை. ‘முதுமையின் கட்டுக்கோப்பு கூடியிருக்கிறது’ என்று ஒருவர் எழுதினார். கவனித்தது மனைவி மட்டும்தான். புதுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தறை வாசலுக்கு வந்தாள். அட்டையைப் பார்த்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அந்தக் குடை எங்கேங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எழுதின உடனே அடுப்படிக்கு ஓடி வந்து படிச்சுக் காட்டினீங்க. அன்னிக்கு நான் குடையை ஸ்கூல்லயே விட்டுட்டு நனைஞ்சுகிட்டு வந்தேன்ல? என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு ரெண்டு நாள் பேசல. அப்பறம் ஒவ்வொரு பதிப்பு வர்றப்பவும் அதை மட்டும் எடுத்துப் பாத்துக்குவேன். எங்க அது?”

“நான் எழுதினதுதானா?” என்று கேட்டார் அவர்.

“பின்ன யாரு? நனைஞ்சது நானு, எழுதினது நீங்க.”

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

கடைசி வரியையோ எல்லோரும் கவனித்தார்கள். மூன்று முனைவர்களும் மூன்று திசையிலிருந்து பதிப்பகத்தை முற்றுகையிட்டார்கள். சின்ன ர நிலைத்தால் அவர்கள் பட்டம் நிலைக்காது. பதிப்பாளர் பதறிப்போய், உலகறிந்த வரியில் நேர்ந்த வெட்கக்கேடான அச்சுப்பிழைக்கு மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். எல்லாப் பிரதிகளிலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டப்படும் என்றார்.

கறையார் கிடங்குக்குப் போனபோது, ஒற்றக்கா தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ‘பக்கம் 412: கரை என்பதைக் கறை எனத் திருத்தி வாசிக்கவும்.’ பக்கத்தில் பசைக் கிண்ணம். எதிரே புத்தகச் சுவர்.

“நான்தான் மாத்தச் சொன்னேன்னு நீங்க சொல்லலையா?”

“சொன்னேங்க. ஐயா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்னுட்டாங்க.” ஒரு சீட்டைத் தடவி அழுத்தினார். “முப்பத்துநாலு வருஷத்துல நான் பாத்த புத்தகத்துல ஒரு சீட்டுகூட ஒட்டினதில்லைங்க. இதுதான் முதல்.”

அவர் குரலில் புகார் இல்லை. அதுதான் கறையாரைக் குத்தியது. பைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். ஒரு புத்தகக் கட்டின்மேல் வைத்து, ஒற்றக்காவின் முன்னாலேயே எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரபஞ்சமோ பெருமூச்சோ இல்லாமல் இரண்டு வாக்கியம். கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணில் நீர் இருந்தது. கொஞ்சம் தன் பெருந்தன்மையைப் பார்த்தும் இருக்கலாம். தாளை ஒற்றக்காவிடம் காட்டினார். அவர் பார்த்தார். பென்சில் கொண்டையில்தான் இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மாடியில் பதிப்பாளர் அதை வாங்கி உரக்கவே படித்தார்.

“‘கடைசி வரியில் கறை என்று மாற்றச் சொன்னது நானே. பிழைதிருத்தியவர்மேல் எந்தத் தவறும் இல்லை.’” நிமிர்ந்து பார்த்தார். “ஐயா! அதைத்தானே நாங்க ஒட்டிக்கிட்டு இருக்கோம்! உங்க வாயால ஒரு உத்தரவே கெடைச்சுது. அதுலயும் பாருங்க, அந்தப் பாவப்பட்ட பொம்பளையை மன்னிச்சு ஒரு வரி. பெரிய மனசுங்க உங்களுக்கு.”

“இல்லப்பா. நல்லாப் படி. கரை. சின்ன...”

பதிப்பாளர் தாளைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். நீல மசி. சாய்ந்த எழுத்து. பெரிய ற, இரண்டு கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

“உங்க கை பொய் சொல்லாதுங்கய்யா” என்றார் பதிப்பாளர். “இதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில மாட்டிடறேன்.”

கறையார் படியிறங்கிக் கீழே வந்தார். கிடங்கில் ஒற்றக்கா அதே இடத்தில் இருந்தார்.

“நீங்க அப்பவே பாத்தீங்கள்ல?”

“பாத்தேங்க.”

“சொல்லியிருக்கலாமே. ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்கலாமே.”

ஒற்றக்கா அடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பசையைத் தடவினார்.

“போன தடவை ஒண்ணு போட்டேன். நீங்க ரொம்பச் சிரமப்பட்டீங்க” என்றார். “நகருங்கய்யா, பசை காயுது.”